எண்வகை மெய்ப்பாடும் திரைப்படச் சுவைஞனும்

எல்லா வகைத் திரைப்படங்களையும் விரும்பிப் பார்ப்பதாக ஒருவன் கூறினால், கற்றோர் அவனைச் சற்று ஐயத்துடனேயே நோக்குகின்றனர். புராணப் படமும் வேண்டும், துப்பறியும் படமும் வேண்டும். வயிறு குலுங்கச் சிரிக்கவும் வேண்டும், கண்ணீர் பெருக அழவும் வேண்டும் என்பவனுக்கு உறுதியான சுவை என ஒன்று இருக்க முடியுமா என்பது அவர்தம் வினா. இலக்கியத்தில் இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் பகுதியைப் படித்துச் சிரிக்கும் புலவரே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கலங்குகின்றார். குறுந்தொகையில் தோய்ந்தவரே குற்றாலக் குறவஞ்சியின் சிங்கனையும் சிங்கியையும் போற்றுகின்றார். அவரைப் பரந்த புலமையுடையவர் என்று உலகம் பாராட்டுகின்றது. அதே பரந்த மனத்தோடு திரையரங்கிற்குள் நுழைபவனுக்கு மட்டும் 'சினிமாப் பைத்தியம்' என்னும் பட்டம் கிடைக்கின்றது.

இப்பட்டம் எவருக்கும் பொருந்தாது என்று சொல்லிவிடவும் இயலாது. பார்த்த படங்களின் எண்ணிக்கையை விருதுபோல் சுமந்து திரிவோர் உளர். முதல் காட்சிக்கு முண்டியடித்து நுழைந்து, வெளியே வந்ததும் கண்டது என்ன என்று கேட்டால் 'பிரமாதம்' என்னும் ஒரு சொல்லுக்கு மேல் விடை கூற இயலாதவரும் உளர். இவர்களை விடுத்து நோக்கினால், பலவகைப் படங்களிலும் ஒருவன் கொள்ளும் ஈடுபாடு திறனாய்வுக்கு வேண்டிய முதல் தகுதியாக இருத்தல் புலப்படும். ஒவ்வொரு வகைப் படத்தையும் அவ்வகைக்கு உரிய அளவைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதைப் பல வகைகளையும் கண்டு பழகியவனே அறிவான். எடைக்கல்லைக் கொண்டு துணியை அளக்கும் பிழை அவனிடம் நேராது.

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் இப்பல்சுவைப் பழக்கத்தைத் தாமே தேர்ந்துகொண்டவர் அல்லர். திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டப்பட்ட காலத்தில், எந்தப் படம் வந்ததோ அதுவே படம். கோவில் திருவிழாவை ஒட்டி வருவது பக்திப் படமாகவும் இருக்கலாம். வாட்போர் நிறைந்த அரசர் கதையாகவும் இருக்கலாம். பாயும் சாக்கும் விரித்து அமர்ந்த குடும்பம் முழுவதும், பால்மரம் சீவிக் களைத்த உடலோடு, வந்ததை வந்தபடியே ஏற்றுப் பார்த்தது. முன்னிரவில் கண்ணனின் மாயத்தைக் கண்டு வியந்தவர், அடுத்த முறை கொலையாளி யார் என்று தெரியாமல் தவித்தனர். விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பின்மையே அவர்களுக்குச் சுவைகள் பலவற்றையும் பழக்கியது எனலாம்.

எண்பதுகளில் வீடியோ நாடா வீடுதோறும் நுழைந்தபோது அந்த வாய்ப்பு வந்து சேர்ந்தது. விந்தை என்னவெனில், தெரிவு பெருகப் பெருகச் சுவை சுருங்கலாயிற்று. தாம் விரும்பும் நடிகரின் படத்தையே திரும்பத் திரும்ப வாடகைக்கு எடுத்து வந்தவர் பலர். இன்றோ, ஒருவன் நேற்றுப் பார்த்ததைப் போன்ற படத்தையே கைப்பேசி இன்றும் எடுத்து நீட்டுகின்றது. அடிதடிப் படம் பார்த்தவனுக்கு அடிதடிப் படம். பேய்ப் படம் பார்த்தவனுக்குப் பேய்ப் படம். திடலில் அமர்ந்த பாட்டன் அறிந்திருந்த சுவைகளுள் பாதியைக்கூடப் பேரன் அறியாதிருத்தல் வியப்பன்று.

படங்களை வகைப்படுத்துவதற்குத் தமிழ்த் திரையுலகம் வழங்கிவரும் பெயர்களும் சுவைஞனுக்கு உதவுவதாக இல்லை. புராணப் படம், சரித்திரப் படம், சமூகப் படம், மாயாஜாலப் படம் என்பன கதை எங்கே, எக்காலத்தில் நிகழ்கின்றது என்பதை மட்டுமே கூறுகின்றன. காண்பவன் உள்ளத்தில் நிகழ்வது என்ன என்பதை அவை கூறா. இவற்றைவிடவும் செல்வாக்குப் பெற்று நிற்பது நடிகர் பெயரால் வகுக்கும் முறை. 'சிவாஜி படம்' என்னும் ஒரே பெயருக்குள் 'அந்த நாள்' (1954), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961), 'திருவிளையாடல்' (1965), 'கலாட்டா கல்யாணம்' (1968) ஆகிய ஐந்தும் அடங்கிவிடுகின்றன. இவ்வைந்தும் ஐந்து வேறு உணர்ச்சிகளை நாடுவன. ஐந்து வேறு இலக்கணங்களுக்கு உட்பட்டவை. நடிகர் பெயர் அவ்வேறுபாட்டை முழுவதும் மறைத்துவிடுகின்றது.

இதற்கு மாற்றாகத் தமிழாசிரியர் கைக்கு எட்டும் தொலைவிலேயே ஒரு வகைமுறை இருக்கின்றது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல் அது. நகை, அழுகை, மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் ஏழோடு இளிவரலையும் சேர்த்து எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் கூறுகின்றார். அவ்வளவோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பதையும் வரையறுக்கின்றார். கூத்தில் நடிப்பவன் நுகர்ந்த உணர்வு காண்பவனைச் சென்றடைவதே சுவை என்னும் கருத்து உரையாசிரியர்களிடம் உண்டு. திரைப்படமும் கூத்தின் வழி வந்ததே. ஆதலின், 'இஃது எவ்வகைப் படம்?' என்னும் வினாவை 'இஃது எம்மெய்ப்பாட்டை முதன்மையாக நாடுகின்றது? அதனை எந்நிலைக்களனிலிருந்து எழுப்புகின்றது?' என்று மாற்றிக் கேட்கலாம். பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லப்படும் யோசனையன்று இது. மேலைநாட்டார் வகுத்த பெயர்கள் செய்யாத ஒன்றை இம்முறை செய்கின்றது என்பதைச் சில படங்களைக் கொண்டு காணலாம்.

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964) நகைச்சுவைப் படம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் நகைச்சுவை என்று மட்டும் கூறி நின்றுவிட்டால் படத்தின் நுட்பம் புலப்படாது. இளமை, பேதைமை, மடன், எள்ளல் ஆகிய நான்கிடத்தும் நகை பிறக்கும் என்பது தொல்காப்பியம். அப்படத்தில் நான்கிற்கும் தனித்தனி ஆள் உண்டு. வேலையை இழந்த அசோக், எசமானர் விசுவநாதனின் வீட்டு முன்னேயே கூடாரமிட்டு ஆடிப்பாடி எதிர்ப்புத் தெரிவிப்பது இளமையின் நகை. தன்னைப் பெரிய இயக்குநனாகக் கருதிக்கொண்டு 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' நடத்தும் செல்லப்பா பேதைமையின் உருவம். ஒன்றை மற்றொன்றாகத் திரித்து உணர்வதே பேதைமை. அவன் தந்தை விசுவநாதனோ மடன் என்பதற்கு எடுத்துக்காட்டு. மடன் என்பது பிறர் சொல்லியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் என்பர். பெருஞ்செல்வர் சிதம்பரம் என்று முதியவர் வேடத்தில் வந்து நிற்கும் இளைஞனை அவர் நம்பிவிடுகின்றார். நம்பியதை விட மறுக்கின்றார். பேதைமையும் மடனும் ஒன்றென எண்ணி மயங்கும் மாணவருக்கு நாகேசையும் பாலையாவையும் அருகருகே நிறுத்திக் காட்டினால் போதும்; உரைநூல் பக்கங்கள் செய்யாததை அது செய்யும். எள்ளல் படம் முழுவதும் பரவியிருக்கின்றது. எள்ளப்படுவது திரைப்படத் தொழிலே.

அப்படத்தில் செல்லப்பா தன் தந்தையிடம் தான் எடுக்கவிருக்கும் படத்தின் கதையைக் கூறும் காட்சி தமிழர் பலருக்கும் மனப்பாடம். ஒலிகளை வாயாலேயே எழுப்பி, இருளையும் தனிமையையும் சொல்லாலும் கையசைவாலும் உண்டாக்கி நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் மாறுகின்றது. முதலில் அலட்சியம்; அடுத்து ஆர்வம்; பின்னர் ஐயம்; முடிவில் நடுக்கம். அங்கே பேயும் இல்லை, இருளும் இல்லை. பட்டப்பகலில், சொந்த வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடி அவர் அஞ்சுகின்றார். கேட்பவனிடம் அச்சம், அவனைக் காண்பவரிடம் நகை. ஒரு மெய்ப்பாடு திரைக்குள்ளேயும் மற்றொன்று திரைக்கு வெளியேயும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. நடிப்பவன் உணர்வே காண்பவனுக்கும் எய்தும் என்னும் பொது விதி இங்கே திசை மாறுவதைக் காணலாம். அச்சப் படம் எவ்வாறு இயங்கும் என்பதை நன்கறிந்த ஒருவனால் மட்டுமே அதனை நகைக்குரியதாக்க முடியும். கண்டு களிக்கவும், அச்சப் படங்களைக் கண்டு பழகியவனுக்கே கூடுதலாக இயலும். நகைச்சுவைப் படங்களை மட்டும் பார்ப்பவன் அக்காட்சியில் பெறும் இன்பம் பாதியே. இதே ஸ்ரீதர் இதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்னர், பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) என்னும் அழுகைப் படத்தைத் தந்தவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஒரு மெய்ப்பாட்டின் நிலைக்களனிலிருந்து மற்றொன்றைப் பிறப்பிக்கும் இத்திறத்தை ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' படத்திலும் காணலாம். வறுமை அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று. தருமியோ வறியவன். பொற்கிழிக்காக ஏங்கி இறைவனிடம் புலம்பும் அவனைக் கண்டு அழ வேண்டிய அரங்கம் சிரிக்கின்றது. சிரித்து முடித்தபின் ஒரு கணம் உள்ளத்தில் ஏதோ உறுத்துகின்றது. அவ்வுறுத்தலே நாகேஷ் என்னும் கலைஞனின் வெற்றி. குறுந்தொகையின் இரண்டாம் பாடலை இறையனார் பாடியதாகக் கூறும் மரபினைப் பள்ளிக்கூட வாயிலையே மிதியாத பல்லாயிரவர் அறிந்தது அப்படத்தின் வாயிலாகத்தான். நக்கீரராகத் தோன்றியவர் இயக்குநரான நாகராஜனே. பக்திப் படம் என்று பெயரிட்டு அதனை ஒதுக்கும் பகுத்தறிவாளரும், நகைச்சுவைத் துணுக்கு என்று தருமி பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கும் இன்றைய இளைஞரும் இழப்பது ஒன்றே: ஏழைப் புலவனின் பொருட்டு எழுந்த சொற்பிழை, பொருட்பிழை வழக்கு கடவுளையே எதிர்நிற்கும் பெருமிதமாக வளரும் வளர்ச்சி.

தமிழ்ப் பள்ளிகளில் கண்டு களித்த திரைப்படம் பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்தால், மாணவர் பெரும்பாலும் கதையைத் தொடக்கம் முதல் இறுதிவரை எழுதி, 'இப்படம் என்னை மிகவும் கவர்ந்தது' என்று முடிப்பர். ஆசிரியரும் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத் திருப்பித் தருவார். கவர்ந்தது எது என்னும் வினா இருவரிடையேயும் எழாமலே போகின்றது. எது கவர்ந்தது என்று சொல்லப் பயிலாத மாணவன்தான் பின்னாளில் நடிகரின் பெயரைச் சொல்லி நிறைவடைகின்றான்.

அச்சத்தின் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என நான்கு. பேய்ப் படங்கள் முதலாவதையும் கொள்ளைக்காரர் படங்கள் மூன்றாவதையும் பற்றியவை. நான்காவது நிலைக்களன் தமிழ்ப் படங்களில் அருகியே காணப்படுவது. காக்க வேண்டியவனிடமிருந்தே எழும் அச்சம் அது. எஞ்சிய மூன்றினும் கொடியது. அதனைத் துணிந்து கையாண்ட படம் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்'.

பாலச்சந்தர் வீணை மேதையாகப் புகழ் பெற்றவர். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றவர். சிறுவனாக 'சீதா கல்யாணம்' (1934) படத்தில் நடித்த நாள் முதல் திரைப்படத்தின்மேல் தீராத வேட்கை கொண்டிருந்தவர். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தின் உந்துதலால் அவர் தமிழில் செய்துகாட்டியதே இப்படம். பலவகைப் படங்களையும் நாடிச் சென்று காணும் ஒரு சுவைஞனின் ஆர்வம் படைப்பாக மாறியதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழில் அரிது. பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. இசையையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் பாடலில்லாப் படம் எடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. துப்பறியும் கதையில் பாட்டு நுழைந்தால் ஐயம் கலைந்துவிடும் என்பதை இசையறிந்தவரே உணர்ந்தார் போலும்.

படம் தொடங்கும்போதே வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு வீழ்கின்றான். சிவாஜி கணேசன் என்னும் புகழ் பெற்ற நடிகர் முதற்காட்சியிலேயே பிணமாகின்றார். சுட்டவர் யார்? அண்டை வீட்டார் ஒன்று கூறுகின்றார். தம்பி ஒன்று கூறுகின்றான். தம்பியின் மனைவி ஒன்று கூறுகின்றாள். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் இறந்தவன் வேறு வேறு முகத்தோடு தோன்றுகின்றான். காலம் 1943, இடம் சென்னை, ஜப்பானியர் குண்டு வீசிய நேரம். தன் அறிவைத் தன் நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பில் ராஜன் பகைவர்க்கு மறைச்செய்தி அனுப்புகின்றான் என்பதும், நாட்டுப்பற்று மிக்க மனைவி உஷா அதனை அறிந்துகொள்கின்றாள் என்பதும் படிப்படியாக வெளிப்படுகின்றன. பண்டரிபாயின் முகத்தில் அப்போது தோன்றும் அச்சம் கள்வனைக் கண்ட அச்சமன்று. தான் கைப்பிடித்தவன், தன் வீட்டிலேயே, தன் அருகிலேயே அமர்ந்து ஊரைக் காட்டிக்கொடுக்கின்றான் என்று உணர்ந்த அச்சம். பிற்பகுதியில் நாட்டுப்பற்றுப் பேச்சு சற்று மிகுந்து, காட்சிகளே உணர்த்திவிட்டதை உரையாடல் மீண்டும் உரைப்பது ஒரு குறையே. எனினும் அம்முகம் அதனை ஈடு செய்கின்றது.

இவ்வச்சம் மலாயாத் தமிழர்க்குக் கதையன்று. சென்னையில் ஓரிரவு விழுந்த குண்டு அங்கே பேச்சாயிற்று. மலாயாவும் சிங்கப்பூரும் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியிலேயே கிடந்தன. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டப் பாட்டாளிகள் கொண்டுசெல்லப்பட்டதும், திரும்பாதவர் பலர் என்பதும் குடும்பந்தோறும் வழங்கிய செய்தி. யார் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்று அஞ்சி வாழ்ந்த தலைமுறை அது. அத்தலைமுறையின் நினைவோடு அணுகுவார்க்கு 'அந்த நாள்' துப்பறியும் படம் என்னும் எல்லையைக் கடந்துவிடும்.

அத்தகைய படம் வெளிவந்த காலத்தில் வணிக நோக்கில் தோல்வியுற்றது. இன்று அதனைத் தமிழின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். படம் மாறவில்லை. 'சிவாஜி படம்' காண வந்தவர்க்குப் 'பராசக்தி'யின் வசனப் பெருக்கும் பாடல்களும் கிடைக்கவில்லை. துப்பறியும் கதையின் இன்பத்தை அதற்குரிய முறையில் நுகரும் பழக்கம் அவர்களுக்கு அன்று வாய்க்கவில்லை. சுவை ஒன்றிலேயே நிலைத்துவிட்ட கூட்டம் நல்ல படத்திற்கும் தீங்கிழைக்கும் என்பதற்கு இத்தோல்வி போதிய சான்று.

பெருமிதத்தையும் மருட்கையையும் பற்றி நீள உரைக்கத் தேவையில்லை. தமிழ்த் திரைக்கு இவை கைவந்த கலை. தறுகண்மையைக் காட்டியது கட்டபொம்மன். சிவாஜி கணேசனுக்குக் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்ததும் அதுவே. கொடையும் பெருமிதத்தின் நிலைக்களன் என்பதை மறந்தவர் 'கர்ணன்' (1964) படத்தை மீண்டும் காண வேண்டும். அப்படம் 2012இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையிடப்பட்டபோது, அதனை முதலில் கண்டவர்களின் பேரப் பிள்ளைகளும் அரங்கிற்கு வந்தனர். மருட்கைக்குக் கே. வி. ரெட்டியின் 'மாயாபஜார்' (1957) ஒன்றே போதும். கடோற்கசன் வாயை நோக்கிப் பலகாரங்கள் தாமே பறந்து செல்லும் காட்சியில் இன்றைய கணினி வித்தையை அறிந்த சிறுவனும் வாய் பிளக்கின்றான். பாரதக் கதையை எடுத்துக்கொண்டு, பாண்டவர் ஐவரையும் ஒருமுறைகூடத் திரையில் காட்டாமலே படத்தை முடித்த துணிவும் மருளத்தக்கதே.

உவகையைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்திற்கென்று ஒரு தனிச்செய்தி உண்டு. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகிய படங்களில் சிங்கப்பூரின் காட்சிகள் இடம்பெற்றன. அறிந்த சாலையையும் பழகிய கட்டடத்தையும் திரையில் கண்டு அரங்கம் ஆரவாரித்தது. அவ்வுவகை கதையினால் விளைந்ததன்று. அடையாளம் கண்டுகொண்டதால் விளைந்தது. அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆனால் அங்கே காட்டப்பட்டவை சாலையும் கட்டடமும் பூங்காவும். அச்சாலையை அமைத்தவரின் வாழ்வு அப்படங்களின் அக்கறையாக இருக்கவில்லை. இந்நாடுகள் கதைக்குப் பின்புலமாயின, கதையாகவில்லை.

ஏழு மெய்ப்பாடுகளுக்கும் இவ்வாறு படங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எட்டாவதான இளிவரலுக்கு வரும்போதுதான் கை தடுமாறுகின்றது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன இளிவரலின் நிலைக்களன்கள். தன்னிலை தாழ்ந்தமையால் தனக்கே தான் எளியனாகத் தோன்றும் உணர்வு அது. நகைக்கு நகைச்சுவைப் படம் உண்டு. வெகுளிக்கு அடிதடிப் படம் உண்டு. அழுகைக்குக் குடும்பப் படம் உண்டு. இளிவரலுக்குத் தமிழ்த் திரையுலகில் பெயரே இல்லை. அதனைத் தொட்ட படங்களைக் 'கலைப்படம்' என்றும் 'விருதுப் படம்' என்றும் ஒதுக்கிவிடுவர். இவ்விரு பெயர்களும் படத்தின் சுவையைக் கூறுவன அல்ல. 'இது பொதுமக்களுக்கு ஆகாது' என்னும் எச்சரிக்கையே.

இளிவரலைத் தமிழ்ப் படங்கள் தொடவே இல்லை என்பதன்று. தொட்டவுடன் அதனை அழுகையாக மாற்றிவிடுகின்றன. 'வியட்நாம் வீடு' (1970) இதற்குச் சான்று. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பத்மநாபன், தன் வீட்டிலேயே தன் சொல் செல்லாக் காசாவதை உணரும் இடங்கள் இளிவரலின் உச்சம். தலை நிமிர்ந்தே நடந்து பழகியவர், நிமிர்ந்த தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைக்கின்றார். சிவாஜி கணேசன் அதனை நுட்பமாகவே நடிக்கின்றார். ஆனால் படம் அத்திகைப்பில் நெடுநேரம் நிற்க அஞ்சுகின்றது. இசையும் கண்ணீரும் வந்து அதனை மூடிவிடுகின்றன. அழுதவன் ஆறுதல் பெற்று வெளியேறுகின்றான். இளிவரலோ ஆறுதல் தருவதன்று; வீடு வரை உடன் வருவது.

மூடாமல் விட்டவர் பாலு மகேந்திரா. 'வீடு' (1988) படத்தில், பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைக் காண முதியவர் தனியே புறப்பட்டு வருகின்றார். வேலை முடியாமல் நிற்கும் அவ்வீட்டின் சுவரைத் தடவிப் பார்க்கின்றார். சொக்கலிங்க பாகவதர் அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. அம்முகத்தில் மகிழ்ச்சியும் இருக்கின்றது. அதனை நுகரத் தமக்கு நாள் இல்லை என்னும் அறிவும் இருக்கின்றது. அடுத்த ஆண்டில் வந்த 'சந்தியா ராகம்' (1989) முழுவதும் மூப்பைப் பற்றியதே. மனைவியை இழந்து சிற்றூரை விட்டுச் சென்னைக்கு வந்து, நெருக்கடியான உறவினர் வீட்டில் ஒண்டும் முதியவர், ஈற்றில் முதியோர் இல்லத்தை நாடுகின்றார். அவரை எவரும் அடிக்கவில்லை, கொடுமை செய்யவில்லை. இடம் போதவில்லை; பணம் போதவில்லை; அவ்வளவே. வில்லன் இல்லாத இத்துன்பத்தை எந்த அடுக்கில் வைப்பது என்று அறியாமலே சுவைஞர் பலர் அதனைத் தவறவிட்டனர். எல்லாப் படங்களையும் விரும்பிப் பார்ப்பதாகக் கூறுபவனுக்கு இதுவே தேர்வு. பத்து வகைப் படங்களைப் பார்த்திருந்தும் இதன்முன் அரைமணி நேரம் அமர இயலாதவன், பல பெயர்களில் ஒன்றிரண்டு சுவைகளையே மாற்றி மாற்றி நுகர்ந்திருக்கின்றான் என்க.

மலேசியாவில் உருவான 'ஜகாட்' (2015) திரைப்படத்திற்கு நேர்ந்ததும் பெயரிடும் சிக்கலே. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழ்வது. 'கெட்ட' எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லே பேச்சு வழக்கில் திரிந்து தலைப்பாயிற்று. 2016இல் நடந்த 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், உரையாடல் மலாய் மொழியில் போதிய அளவு இல்லை என்னும் காரணத்தால், 'ஓலா போலா' முதலியவற்றோடு இதுவும் தனிப் பிரிவில் வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அப்பிரிவு முறை மாற்றப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படத்திற்கான விருதும் 'ஜகாட்' படத்திற்கே கிடைத்தது. நடிகர் பெயரால் பிரிப்பதும் மொழியின் அளவால் பிரிப்பதும், படத்தின் உள்ளே செல்லாமல் வாசலிலேயே நின்றுவிடுவதில் ஒன்றே.

தமிழ்ச் சுவைஞரிடையே அதற்கு வழங்கிய பெயரோ 'குண்டர் கும்பல் படம்' என்பது. அப்பெயரை நம்பி அரங்கிற்குள் செல்பவன் வெகுளியை எதிர்பார்ப்பான். அதுவும் அங்கே இல்லாமலில்லை. கும்பலில் சேர்ந்த சிற்றப்பன் உண்டு, அரிவாள் உண்டு, குருதியும் உண்டு. ஆயினும் படத்தின் பார்வை பெரிதும் தங்குவது அப்போய் என்னும் 12 வயதுச் சிறுவன்மீதும் அவன் தந்தை மணியத்தின்மீதும். தோட்டத்தை இழந்து, புறம்போக்கு நிலத்துக் குடிசையில் ஒதுங்கி, தன் மகனாவது படித்து மேலேற வேண்டும் என்று துடிக்கும் அத்தந்தைக்கு அத்துடிப்பை அன்பாகக் காட்டத் தெரியவில்லை. கண்டிப்பாக மட்டுமே காட்டத் தெரிகின்றது. அவன் கையில் பிரம்பு இருக்கின்றது. அதனை ஓங்கும்போதும் அவன் முகத்தில் தெரிவது சினத்தைவிட, தன் எளிமையைத் தானே அறிந்துவிட்ட ஒருவனின் கூச்சம்.